துடைத்து வைத்த படிகங்கள்

என் ஆராய்ச்சியைப் பற்றி யாராவது விசாரித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒற்றை மூலக்கூறே ஒரு காந்தமாக நடந்துகொள்ளும். அதைக் கடுங்குளிரில் வைத்து, காந்தப்புலத்தில் நுண்ணலை பாய்ச்சினால், உள்ளிருக்கும் எலக்ட்ரான்கள் கூர்மையான கோடுகளாகப் பதில் சொல்லும். அவ்வளவுதான். இதற்காக ஐந்து வருடம் திருமுல்லைவாயிலில் ரயிலேறினேன்.

கருவி இருந்தது வேறொரு நிறுவனத்தில். திரவ ஹீலியம் வந்தால்தான் அது ஓடும்; அது எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. உதவித்தொகை முடிய ஒரு மாதம் இருக்கும்போது எனக்கு ஒரு நாள் ஒதுக்கினார்கள். இதை விட்டால் ஆய்வேட்டை மறந்துவிடச் சொல்லிவிட்டார் கைடு.

அந்த மூலக்கூறின் படிகங்கள் தயாராக இருந்தன. கடுகைவிடச் சிறியவை, கறுப்பு, நல்ல பளபளப்பு. நான்கு மாதம் ஒரு சீசாவை அசைக்காமல் வைத்து வளர்த்தேன். முந்தின நாளே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இயந்திரப் பாகங்களின் தரம் பார்ப்பவர். ஈரமோ எண்ணெயோ ஒட்டிய பாகத்தை அளந்தால் அளவு பொய் சொல்லும் என்பது அவருக்கு வேதம். எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக்கூடத் துடைக்காமல் வைக்க மாட்டார்கள். இந்தப் படிகங்கள் வளர்ந்த திரவத்திலேயே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஜூனியர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ஒதுக்கிய நாள் காலை, ரயில் கூட்டத்தில் சீசா கசிந்துவிடுமோ என்ற பயத்தில், திரவத்தைக் கொட்டிவிட்டு, படிகங்களை வடிதாளில் ஒற்றி, ஃபேனுக்கடியில் உலர்த்தி எடுத்துக்கொண்டேன். சில மணி நேரம் தாங்கும் என்று நினைத்தேன். உலர்ந்து கிடந்ததைப் பார்க்கத் திருப்தியாகக்கூட இருந்தது.

நுண்நோக்கியில் பார்த்த கருவிக்காரர், "மேடம், இது பொடிங்க" என்றார். உள்ளிருந்த கரைப்பான் ஆவியாகி, எல்லாம் வெடித்து மங்கிப்போயிருந்தன. இருந்தும் ஓட்டிப் பார்த்தோம். கோடுகள் வர வேண்டிய இடத்தில் ஒரு மொத்தையான வீக்கம் வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான், உடைத்தவள் நானே. கழிவறைக்குப் போய் அழுதேன்.

வீட்டில் அப்பா சாப்பிடாமல் காத்திருந்தார்.

"இன்னாம்மா, கோடு வந்துச்சா?"

"வரலப்பா."

"மிசின்ல எதுனா கோளாறு கீதோ இன்னாவோ. நீ நல்லா தொட்சிட்டுதானே வெச்சே?"

"தொடச்சிட்டுதான்பா வெச்சேன்."

"அப்பறம் உன் மேல இன்னா தப்பு கீது" என்றவர், என் தட்டை எடுத்து ஈரம் போகத் துடைத்து, என் முன்னால் வைத்தார்.