பிலோமினா அக்காவின் சுற்றுவழி

ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் பள்ளி வேன் வாட்ஸ்அப் குழுவில் பிலோமினா அக்காவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. அந்த எண்ணிலிருந்து வரும் செய்திகள் இரண்டு மூன்று சொற்களைத் தாண்டுவதில்லை. "மழை. லேட்." "டயர் பஞ்சர்." "ஹேமா போத்தல் வேன்ல." இது மட்டும் நீளமாக இருந்தது. "அம்மா இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்படியே காலமாகிவிட்டார். மகன் ஜெரால்டு." ஐந்து நிமிடம் கழித்து ஒரு தந்தை எழுதினார்: "ஆழ்ந்த இரங்கல். நாளைக்கு வேன் உண்டா?"

கோபப்பட வேண்டிய கேள்விதான். எனக்கோ அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா படித்திருந்தால், "அவரு கேக்குறது நியாயம்தானே சார், புள்ள எப்படிப் போகும்?" என்றிருப்பார். அப்படிச் சொல்லிவிட்டு அந்தத் தந்தைக்குத் தனியாகப் போன் போட்டு ஒரு பாட்டு விட்டிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலோமினா அக்கா கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டினார். பிறந்தது பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்பில். தந்தையார் ரயில்வே ஊழியர். துறைமுகத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு கிள்ளானுக்கு வந்தவர், கடைசி வரை இந்த ஊர் தோசையை ஒப்புக்கொள்ளவில்லை. "இது தோசையா சார்? பிரிக்பீல்ட்ஸ்ல இதத் தட்டுல வச்சா அடிதடி ஆயிடும்" என்பார். ஆனால் முழுதாகச் சாப்பிட்டுவிடுவார்.

நான் இங்குள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர். சுங்கை பூலோவிலிருந்து மாற்றலாகி வந்த முதல் நாள், பள்ளி வாசலில் இருந்த மரத்தடியில் காரை நிறுத்தினேன். மஞ்சள் வேன் ஒன்று பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஓர் அம்மையார் எட்டிப்பார்த்தார்.

"சார், நீங்க மரம்னு நெனச்சிட்டீங்க. அது என் ஆபீஸ்."

காரை எடுத்துவிட்டேன். அடுத்த சில மாதங்களில், நான் படித்து வாங்கிய பட்டத்தைவிட அந்த மரத்தடியில் நிற்பது எனக்கு உபயோகமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேனில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையையும், "என்ன சாப்ட்ட?" என்று கேட்பார். பதில் சொல்லாமல் உட்கார முடியாது. பதின்மூன்று பிள்ளைகள், பதின்மூன்று பதில்கள். எல்லாம் அவர் தலைக்குள் பத்திரமாக இருக்கும். பள்ளிக்கு வந்ததும் மரத்தடியில் நின்று என்னிடம் சொல்வார்: "அந்தக் கடைசி சீட்டு புள்ள மூணு நாளா வெறும் பிஸ்கட்னு சொல்லுது சார். வீட்ல என்னமோ சரியில்ல. பாருங்க." போய்ப் பார்த்தால் சரியில்லாமல்தான் இருக்கும். யாருக்காவது வேலை போயிருக்கும், யாராவது வீட்டை விட்டுப் போயிருப்பார்கள், பாட்டி ஆஸ்பத்திரியில் இருப்பார்.

"இது எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மனசு எப்படி இருக்குன்னு கேட்டா புள்ள முழிக்கும் சார். என்ன சாப்ட்டன்னு கேளுங்க, வீடே வெளிய வந்துரும்."

கோவிட் கட்டுப்பாடுகள் முடிந்து பள்ளிகள் மறுபடி ஒழுங்காக நடக்கத் தொடங்கியிருந்த சமயம். மாணவர்களின் மனநலத்தை அறிய ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். "எனக்கு அடிக்கடி அழுகை வருகிறது", "இரவில் தூக்கம் வருவதில்லை" என்பது போன்ற கேள்விகள். எனக்கு அதில் ஏகப் பெருமை. நான்காம் ஆண்டு வகுப்பில் கொடுத்துத் திருத்தினேன். ஒரு பிள்ளைக்குக்கூடக் கவலையில்லை. ஒருவருக்கும் அழுகை வருவதில்லை. எல்லாரும் கோழி உறங்கும் நேரத்தில் உறங்கிவிடுகிறார்கள். இப்படியொரு வகுப்பு உலகத்திலேயே இருக்காது என்று தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லவும் செய்தேன்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. வகுப்பாசிரியை நல்ல மனது கொண்டவர். முந்தின நாளே கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, சரியான விடைகளைச் சொல்லிக்கொடுத்துப் பயிற்சி நடத்தியிருக்கிறார். நம் பள்ளிகளில் தாள் என்று ஒன்று வந்தால் அது சோதனைதான், சோதனை என்றால் முழு மதிப்பெண்தான். ஒரு பையன் என்னிடம் வந்து, "சார், இதுக்கு மொத்தம் எத்தன மார்க்கு?" என்று கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு தாள் வெறுமையாக வந்தது. தர்ஷினி என்ற பத்து வயதுப் பிள்ளையுடையது. பெயரை மட்டும் அழகாக எழுதியிருந்தாள்.

தர்ஷினி முன்பு நன்றாகப் படித்தவள். அந்த ஆண்டில் வாய் பேசுவதை நிறுத்திவிட்டாள். கேள்வி கேட்டால் சன்னலைப் பார்ப்பாள். மதிப்பெண் தரைமட்டத்துக்கு வந்திருந்தது. பாடம் புரியவில்லை, சிறப்புக் கல்வி வகுப்புக்கு அனுப்பலாம் என்று பள்ளியில் முடிவானது. அந்த வகுப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கு வரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது வேறொரு பள்ளியில் இருந்தது. தோழிகளை, வேனை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். மருத்துவர் பார்ப்பதற்கு முன் பரிந்துரைப் படிவத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. வெறும் தாளை ஆதாரமாக இணைத்து, பேனாவைத் திறந்தும் விட்டேன். கையெழுத்திடும் முன் மரத்தடிக்குப் போனது என் நல்ல காலம்.

அக்கா கேள்வித்தாள் கதையைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லாருமே சந்தோஷமா இருக்காங்களா? அப்ப என் வேன்ல வர்றது யாரு சார்?" என்றார். தர்ஷினியைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அவ மக்கு இல்ல சார். மூளைய வீட்லயே வச்சிட்டு வரா."

அவள் காலை உணவுக் கதையை அக்கா வரிசையாகச் சொன்னார். முன்பு தோசை, நாசி லெமாக் என்று சொல்வாள். பிறகு வெறும் ரொட்டி. பிறகு "நானே மைலோ கலக்கிக்கிட்டேன்." பிறகு தலையாட்டல். அப்பா லோரி ஓட்டிய கம்பெனியை மூடிவிட்டார்கள். வேலை போனதும் குடி வந்தது. அம்மா செல்வி ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டுக்குப் போகத் தொடங்கினார். வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் தினமும் சண்டை. ஒரு நாள் சண்டையில் செல்வி, "பாரு, ஒரு நாள் இப்படியே போயிருவேன், திரும்பி வரவே மாட்டேன்" என்று கத்திவிட்டார். புருஷனுக்குச் சொன்னதை மகள் கேட்டுக்கொண்டாள்.

"அம்மா ஷிப்ட் முடிஞ்சி வீட்டுக்கு வர்றது ஏழு மணி சார். இவ ஆறரைக்கே என் வேன்ல ஏறிடுறா. அம்மா வந்தாங்களா வரலையான்னு பள்ளி விடுற வரைக்கும் அவளுக்குத் தெரியாது. நீங்க கணக்குக் கேட்டா அவ என்னத்தச் சொல்லுவா?"

வகுப்பில் உண்மை சொன்ன ஒரே தாளைத்தான் நான் ஆதாரமாக இணைத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"ஒரு மாசம் குடுங்க சார். அந்தப் படிவத்த டிராயர்ல போட்டுப் பூட்டுங்க" என்றார் அக்கா. தலைமையாசிரியரிடம் நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து வேன் பத்து நிமிடம் தாமதமாக வரத் தொடங்கியது. பெற்றோர் குழுவில் புகார்கள் குவிந்தன. அக்காவின் பதில் ஒரே சொல்: "கோரெக்." சாலையைத் தோண்டுகிறார்களாம். கிள்ளானில் இதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இங்கே எந்தச் சாலையை எந்த மாதத்தில் தோண்டவில்லை? பெற்றோர் அலுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது வாரம் தர்ஷினி வகுப்பில் வாய் திறந்து, கழிவறைக்குப் போக அனுமதி கேட்டாள். மூன்றாவது வாரம், பக்கத்துப் பிள்ளை தன் அழிப்பானை எடுத்துவிட்டதாக என்னிடமே புகார் கொண்டுவந்தாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன், அன்று போலச் சந்தோஷமாகக் கேட்டதில்லை.

ஒரு நாள் என் கார் பட்டறையில் இருப்பதாகச் சொல்லி வேனில் ஏறினேன். அக்கா என்னையும் விடவில்லை. "என்ன சாப்ட்டீங்க?" "ரொட்டி சானாய்க்கா." "ம், உக்காருங்க." வேன் நேர்வழியில் போகாமல் திரும்பியது. எங்கும் தோண்டவில்லை. தொழிற்சாலைப் பேருந்து ஆட்களை இறக்கிவிடும் நிறுத்தத்துக்கு வந்தது. நீலச் சட்டையில் ஒரு பெண், கையில் உணவுப் பையுடன், களைத்துப்போய் நின்றிருந்தார். அதுதான் செல்வி. அக்கா அவரிடம் முன்பே பேசி, வேன் போகும்வரை அங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறார். வேன் மெதுவானது. செல்வி கையசைத்தார். தர்ஷினி கையை உயர்த்தினாள். அவ்வளவுதான். வேன் கிளம்பிவிட்டது. அந்தப் பிள்ளை பெருமூச்சுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

பள்ளி வந்ததும், "அக்கா, கோரெக் எங்க?" என்று கேட்டேன்.

"நேத்து மூடிட்டாங்க சார். நாளைக்கு மறுபடி தோண்டுவாங்க லா."

அதற்குப் பிறகு என் வேலையை நான் செய்தேன். செல்வியை அழைத்துப் பேசினேன். "கோவத்துல சொன்னது சார், அவ காதுல விழுந்துச்சின்னே தெரியாது" என்று அழுதார். தந்தையை அரசாங்க கிளினிக்கில் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெற வைக்க மாதங்கள் ஆயின. அவரை முதலில் வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்தது அக்காதான். "பொண்டாட்டி ராத்திரி பூரா நின்னு வேல பாத்துட்டு வரா. அந்தப் பையையாவது வாங்கிக்கிட்டு வாங்க, தம்பி" என்று ஒரு நாள் வேன் சன்னல் வழியாகவே சொல்லியிருக்கிறார். மூன்றாவது மாதத்தில் நிறுத்தத்தில் இரண்டு பேர் நின்றார்கள். சண்டைகள் அடியோடு நின்றுவிட்டன என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் வகுப்பில் தர்ஷினி இருந்தாள், அவள் மூளையும் இருந்தது. படிவம் டிராயரிலேயே கிடந்து பழுப்பேறியது.

செல்விக்குப் பகல் ஷிப்ட் கிடைக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. அதுவரை அந்தச் சாலை தோண்டப்பட்டுக்கொண்டே இருந்தது. பகல் ஷிப்ட் கிடைத்த அன்று குழுவில் செய்தி வந்தது: "ரோடு ஓகே." பெற்றோர்கள் கட்டைவிரல் உயர்த்தினார்கள். ஒருவர் நகராண்மைக் கழகத்துக்கு நன்றி சொன்னார்.

பிறகு ஒருமுறை, ஷா ஆலமில் நடந்த ஆசிரியர் பயிலரங்கம் ஒன்றுக்கு அக்காவை வற்புறுத்தி அழைத்துப் போனேன். குழந்தைகளின் மன அழுத்தம் பற்றி இரண்டு மணி நேர உரை. அக்கா முதல் அரை மணியிலேயே உறங்கிவிட்டார், குறட்டையுடன். தேநீர் இடைவேளையில் எழுந்து, "நல்லாத்தான் பேசினாரு சார், ஏசி கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். வீட்டு முன் கூடாரத்தில் வேன் பிள்ளைகள் சீருடையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷினியும் தாயோடு வந்திருந்தாள். இப்போது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கிறாள், அம்மாவைவிட உயரம். துக்கத்தில் எனக்கு மனம் இளகிவிட்டதோ என்னவோ, ரகசியத்தைப் போட்டு உடைத்தேன்.

"அந்த கோரெக் விஷயம் பெரியவங்க எங்க மூணு பேருக்குத்தான் தெரியும்மா. அக்கா, உங்கம்மா, நான்."

தர்ஷினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வேன்ல எல்லாருக்கும் தெரியும் சார். மொத நாளே."

"அக்கா சொன்னாங்களா?"

"இல்ல சார். யாரும் எதுவும் சொல்லல."

பக்கத்தில் ஹேமா உட்கார்ந்திருந்தாள். அப்போது முதலாம் ஆண்டு, இப்போது ஐந்தாம் ஆண்டு. வாயில் எதுவும் தங்காத பிள்ளை என்று பள்ளியில் பெயர் வாங்கியவள். "எங்க அம்மா டெய்லி கேப்பாங்க சார், இன்னும் தோண்டுறாங்களான்னு. ரொம்ப ஆழமா தோண்டுறாங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

எனக்குப் பாடம் புரியவில்லை என்பது போல அவள் என்னைப் பார்த்தாள். "தர்ஷினிக்கா அம்மாவப் பாக்கணும்ல சார்?"

"நீங்க எல்லாரும் சேந்து மறைச்சது அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா, பொய் சொல்லி மாட்டிக்கிட்டோம்னு அவங்களுக்கு வெக்கமா இருக்கும்" என்றாள் ஹேமா.

அந்தப் பதின்மூன்று பேர் வீட்டிலும் ஏதாவது ஒரு குறை இருந்தது. அக்காவும் நானும் அதையெல்லாம் மரத்தடியில் நின்று பேசியிருக்கிறோம். தங்களுக்கே ஆயிரம் கவலை இருந்த பிள்ளைகள், ஒன்றரை வருடம், தினமும் காலையில் பத்து நிமிடத்தை இன்னொரு பிள்ளைக்காக விட்டுக்கொடுத்து, வீட்டில் மூச்சு விடாமல் இருந்திருக்கிறார்கள். இது என் எந்தக் கேள்வித்தாளிலும் வந்திருக்காது.

பெட்டியை மூடப் போகும்போது நான் முன்னால் போனேன். வெள்ளைச் சேலையில், கையில் ஜெபமாலையோடு, யாரையோ திட்டி முடித்துவிட்டுக் கண்ணயர்ந்தவர் போல அக்கா படுத்திருந்தார். குனிந்து, அவர் காதருகில் சொன்னேன்.

"அக்கா, புள்ளைங்களுக்கு மொத நாளே தெரியுமாம். ஒருத்தர்கூட வீட்ல சொல்லலியாம். நீங்க நிம்மதியா இருங்க."

ஜேம்ஸ் அண்ணன் என் தோளைத் தொட்டார். நான் விலகி வழிவிட்டேன்.