சார்ஜா அறைக்குள் நான் இறக்கிய வெயில்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஜெபல் அலியில் கிடங்கு கிடங்காகக் குளிர்காற்றுக் குழாய் ஏற்றியது இந்தக் கைதான். புஜைராவில் கடலைப் பார்த்து நிற்கும் ஓட்டல், கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலை ஆட்கள் தங்கும் முகாம், துபாயில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கோபுரங்கள் என்று எத்தனையோ இடங்களில் நான் மடித்த தகரத்துக்குள் நுழைந்துதான் காற்று வெளியே வருகிறது. ஊரில் மாடி வீடு கட்டினேன். தங்கைகளைக் கரையேற்றினேன், மகளைக் கட்டிக்கொடுத்தேன். அரைகுறை இந்தியை வைத்துக்கொண்டே ஃபோர்மேன் ஆனேன். யாரும் கைகொடுக்கவில்லை.

இவ்வளவு செய்தவனுக்குச் சார்ஜாவில் வாய்த்தது பாதி அறை. ஒரே அறையை ஜிப்சம் பலகையால் இரண்டாகத் தடுத்திருந்தார்கள். ஜன்னல் விழுந்த பாதியில் யாழ்ப்பாணத்துப் புருஷன் பெண்சாதி இருந்தார்கள், இருவருக்கும் ஆபீஸ் வேலை. ஜன்னல் இல்லாத பாதி எனக்கு. விடியுமுன் பஸ் ஏறி, இருட்டிய பிறகு இறங்குகிறவனுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

மகள் புகுந்த வீட்டுக்குப் போனதும் மனைவி ஊரில் தனியாளாகிவிட்டாள். தை மாதக் கடைசியில் விசிட் விசாவில் அவளை வரவழைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து வாழ்ந்ததெல்லாம் லீவு நாட்களில் மட்டும்தான். வேலை முடிந்து ஒரேயடியாக ஊர் திரும்பும்வரை அவளை இங்கேயே என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும், விசாவை நீட்டிக்கொண்டே போகலாம் என்று நினைத்திருந்தேன்.

வந்த சில நாளிலேயே சைட்டுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, இப்பப் பகலா ராத்திரியா?"

"பகல்தான். ஏன்?"

"ஒண்ணும் தெரியல. குளிருது வேற. போர்வைக்குள்ளயே கெடக்கேன்."

குளிர்காலத்திலும் அந்தக் கட்டடத்தில் ஏசியை நிறுத்த மாட்டார்கள். அன்றிரவே சுவரில் இருந்த காற்று வாயைத் தகடு வைத்து அடைத்தேன். அறை கதகதப்பானது. மறுநாள் யாழ்ப்பாணத்துப் பெண் ஸ்வெட்டரும் மப்ளருமாகக் கதவைத் தட்டினாள்.

"அண்ணை, நாங்கள் வாடகைக்கு எடுத்தது ஜன்னலைத்தானே? உங்கட குளிரும் எங்களுக்கே?"

ஒரு பக்கம் அடைத்தால் அடுத்த பக்கம் பீறிடும் என்பது எனக்குத் தெரியாததா? அவசரத்தில் செய்துவிட்டேன். இரண்டு வாயையும் சுருக்கி, மிச்சக் காற்றைப் பொதுச் சமையலறைக்குத் திருப்பினேன். அதன்பிறகு அங்கே தக்காளி வாடியதே இல்லை.

வெளிச்சம்தான் பாக்கி. டியூப்லைட்டைக் கூட்டினேன், மஞ்சள் பல்பு மாட்டினேன். அவள் முகம் தெளியவில்லை. அப்போதுதான் தோன்றியது, காற்றைக் கொண்டுபோகிற குழாயில் வெயிலைக் கொண்டுவந்தால் என்ன? பளபளவென்ற புதுத் தகட்டை மடித்து, அவர்கள் ஜன்னலின் மேல்கண்ணாடியிலிருந்து கூரையை ஒட்டி, தடுப்பைத் துளைத்து, என் பாதிவரை நேராக ஒரு குழாய். ஆனால் இங்கே எல்லாரும் செய்வதுபோல அவர்களும் வெயிலுக்குப் பயந்து ஜன்னல் முழுக்க வெள்ளித்தாள் ஒட்டியிருந்தார்கள். மேல்பாதியைக் கிழிக்க அனுமதி கேட்டேன்.

"என்ன விசர் வேலை அண்ணை இது? வெயிலை ஆரும் பைப்பில கொண்டுபோவினமோ?"

"நீங்க கிழிக்க விடுங்க தங்கச்சி. வரலன்னா நானே திருப்பி ஒட்டித் தாரேன்."

"வந்தாலும் ஒட்டித் தரவேணும். மாசி முடிய வெக்கை தொடங்கிடும், சொல்லிப்போட்டன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாய் வழியாக வெயில் வந்தது. கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு சதுரம் விழுந்தது. மனைவி அதில் கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கட்டிலில் ஏறி உட்கார்ந்து, ஈரத் தலையை அவிழ்த்து அந்தச் சதுரத்துக்குக் காட்டினாள். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் வெயில் நகர்ந்துவிட்டது. அவ்வளவு நேரமும் அவள் சிரித்த முகமாக இருந்தாள்.

அந்த ஒரு ஞாயிறுதான் எனக்குக் கிடைத்தது. சைட்டை ஒப்படைக்கும் நேரம் நெருங்கியதால் அடுத்த ஞாயிறுகளிலும் டியூட்டி வந்தது. ஃபோர்மேன் போகாமல் வேலை நடக்குமா?

விசாவை நீட்டிக்க அவளுடைய பாஸ்போர்ட்டைக் கேட்டேன்.

"வேணாங்க. நான் ஊருக்குப் போறேன்."

"அதான் வெளிச்சம் வந்திருச்சே!"

"வருது. நீங்க பஸ் ஏறிப் போன பொறவு வருது. நீங்க வாரதுக்குள்ள போயிருது. அதுகூட நான் என்னத்தப் பேசுறது?"

"ஊர்ல மட்டும் ஆள் இருக்கா?"

"இல்லதான். அங்க ஆள் இல்லங்கிறது பழகிப்போச்சு. இங்க இருக்கீங்கன்னு சொல்லிக்கிட்டுக் காத்துக் கெடக்கிறது பழகல."

டிக்கெட் எடுத்தேன். விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். அடுத்த வாரமே சூடு ஏறியது. வாக்குக் கொடுத்தபடி நானே ஸ்டூல் போட்டு ஏறி வெள்ளித்தாளை ஒட்டினேன். யாழ்ப்பாணத்துப் பெண் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

போன வாரம் வீட்டுக்குப் பேசும்போது, மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"அங்கயா? ஒரே இருட்டுடி. இருட்டுக்குள்ளயே கெடந்துட்டு வந்தேன்."

அவள் திரும்பி வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். இந்த வயதில் இனி எனக்கும் கேட்க ஒன்றும் இல்லை. ஆனால் இருட்டைச் சொல்கிற வாய் வெயிலையும் சொல்ல வேண்டும். ஜன்னல் இல்லாத அறையில் மாசி மாதக் காலை வெயில் விழுந்தது, அதில் அவள் தலை உலர்த்தினாள். அதைக் கொண்டுவந்தது யார் என்று சொல்ல வேண்டும். புருஷன் பெயரை வாயால் சொல்லாத பழக்கம் அவளுக்கு, கல்யாணத்திலிருந்து ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இந்த ஒரு விஷயத்துக்காவது, நாலு பேர் காதில் விழும்படி, என் பெயரைச் சொல்லட்டும்.