நூற்றெட்டாகிப் போன எட்டு

எனக்குத் தூரத்துப் பார்வை மங்கல் என்பதை ஒன்பதாம் வகுப்பு முழுக்க மறைத்தே ஓட்டிவிட நினைத்திருந்தேன். கண்ணாடி போட்ட பெண்ணை எவன் கட்டிக்கொள்வான் என்று அம்மா தெருப் பெண்களைப் பார்த்து அங்கலாய்ப்பாள். அந்தக் கூட்டத்தில் நான் சேருவதாக இல்லை. பாண்டி பஜார் போக மயிலாப்பூர் குளத்தருகே பஸ்ஸுக்கு நின்றால், நம்பரைப் பார்க்கச் சொல்லி என்னைத்தான் இடிப்பாள். நானும் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்வேன். ஒருமுறை இருவரும் அடையாறில் போய் இறங்கினோம். திட்டு எனக்கு.

கெடுத்தது அடுக்குப் பாடம். கணக்கு டீச்சர் கரும்பலகையோடு மட்டுமே பேசுகிறவர். பரீட்சைக் கேள்வியையும் வாய் திறக்காமல் எழுதிப்போட்டார். சூரியன் 1.5 × 10¹¹ மீட்டர் தூரம்; ஒளியின் வேகம் விநாடிக்கு 3 × 10⁸ மீட்டர்; வந்துசேர எவ்வளவு நேரம்? பெருக்கினால் அடுக்கைக் கூட்டு, வகுத்தால் கழி என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பொடியாக மேலே உட்கார்ந்திருந்த எட்டு, என் கண்ணுக்குப் பத்தோடு ஒட்டி நூற்றெட்டாகிவிட்டது. மயிலாப்பூரில் நூற்றெட்டைப் பார்த்து யாருக்காவது சந்தேகம் வருமா? பிரதட்சிணம் நூற்றெட்டு, தேங்காய் நூற்றெட்டு, ஒளிக்கும் அதுவே இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பதினொன்றும் அதேபோல் ஆயிரத்துப் பதினொன்றாயிற்று. ஐந்து விநாடிக்குள் வெளிச்சம் வந்துவிட்டது.

விடைத்தாள் கொடுத்த அன்று டீச்சர் வாயைத் திறந்தார்.

"சூரியன் ஒன்றரை கிலோமீட்டர்லயா இருக்கு? நம்ம குளத்துலேர்ந்து பீச்சுக்குப் போற தூரம்டி அது."

மெட்ராஸ் வெயிலுக்குக் காரணம் தெரிந்துவிட்டதென்று கடைசி பெஞ்சு சிரித்தது. டீச்சர் பலகையில் 10⁸ எழுதிப் படிக்கச் சொன்னார். நூற்றெட்டு என்றேன். குட்டு உடைந்தது.

அப்பா மறுவாரமே கண்ணாடி வாங்கி வந்தார். பவர் மைனஸ் மூன்று. இவள் வாழ்க்கையே போச்சு என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். பிறகு, துடைத்துத் தருகிற சாக்கில் தானே மாட்டிக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"காலண்டர்ல தேதி இங்கேர்ந்தே தெரியுதேடி."

பஸ் நம்பரை ஏன் என்னையே பார்க்கச் சொன்னாள் என்பது அப்போதுதான் உறைத்தது. வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. கல்யாணமாகி மூன்று பிள்ளை பெற்றவள், அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் திணித்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாத."