மானியம் இல்லாத பேட்டரி

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். மும்பை செம்பூரில் எங்கள் கட்டிடத்துக்குக் கரண்ட் போய்விட்டது. தெருவில் எங்கோ கேபிள் பழுது. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். மொட்டைமாடியில் புத்தம்புது சோலார் பேனல்கள். ஆனாலும் லிஃப்ட் நின்றுவிட்டது!

அதெப்படி என்கிறீர்களா? எனக்கும் அன்றுதான் உறைத்தது. பேட்டரி இல்லாத சோலார், மெயின் லைன் போனால் தானும் படுத்துக்கொள்ளும். லைனைச் சரிசெய்பவருக்கு ஷாக் அடித்துவிடக் கூடாதே... அதற்கான பாதுகாப்பு.

சோலார் போடும்போதே சொசைட்டி மீட்டிங்கில் பேட்டரி பற்றிப் பேச்சு வந்தது. கேட்டவர் மூன்றாம் மாடி லலிதா மாமி. கணவர் சிவராமனுக்கு நுரையீரல் கோளாறு. கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் மிஷின்தான் துணை. எங்கள் பேனலுக்கு அரசு மானியம் உண்டு, பேட்டரிக்குக் கிடையாது என்றார் சோலார் கம்பெனிக்காரர்.

உடனே எதிர்த்தவர் தரைத்தளத்து நாசர் பாய். திருநெல்வேலிக்காரர். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கிறார்.

“சர்க்கார் குடுக்கத வாங்குவோம். குடுக்காததுக்கு நாம ஏன் துட்டு போடணும்?”

தலைகள் ஆடின. பேட்டரி போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை மாமி படிக்கட்டில் நின்று கத்தினார்: “மிஷின் நின்னுடுத்து! சிலிண்டர் கொஞ்ச நேரம்தான் வரும். யாராவது வாங்கோளேன்!”

ஓடினேன். எனக்கு முன்னால் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தார் நாசர் பாய். தொழுகை முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்.

“பயப்படாதீங்க அக்கா. நம்ம வீட்ல இன்வர்ட்டர் ஓடுதுல்லா. சாரைக் கீழ கொண்டு போயிருவோம்.”

சிவராமனை நாற்காலியில் உட்காரவைத்து, நானும் பாயும் வாட்ச்மேனுமாக ஒவ்வொரு படியாக இறக்கினோம். அவர் மடியில் சிலிண்டர். மாமியும் பாயின் மனைவியும் மிஷினைத் தூக்கி வந்தார்கள்.

பாய் வீட்டு ஹாலில் மிஷின் உறுமத் தொடங்கிய பிறகுதான், மாமி சுவரில் சாய்ந்து அழுதார்.

கரண்ட் வரச் சாயங்காலம் ஆயிற்று. அதுவரை பாய் பட்டறைக்குப் போகவில்லை. சிவராமனின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார் — நீலம் மறைகிறதா என்று.

அடுத்த மீட்டிங்கில் பேட்டரிப் பேச்சு மறுபடி வந்ததும் மாமி எழுந்தார். “எங்களுக்காக எல்லாரும் செலவழிக்கறது நியாயமில்லை. பேட்டரி வேண்டாம். நாங்க எங்கேயாவது கீழ் வீடா பார்த்துண்டு போயிடறோம்.”

பாய் எழுந்தார்.

“எங்கயும் போவாண்டாம். இனிமே நீங்க கேக்காதீங்க அக்கா, நான் கேக்கேன். பேட்டரி எனக்கு வேணும். நாளைக்கு எனக்கும் மூச்சு வாங்கும்லா?”

அப்புறம் ஓட்டெடுப்பு எதற்கு?

பேட்டரி வந்துவிட்டது. லிஃப்டுக்கும், மூன்றாம் மாடியில் ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட்டுக்கும் அதிலிருந்து லைன்.

மானியத்தைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் எங்கள் மாடிக்குப் பேனலே ஏறியிருக்காது. ஆனால், மானியம் கிடைப்பதெல்லாம் அவசியம், கிடைக்காததெல்லாம் ஆடம்பரம் — இந்தக் கணக்கு எப்போது நம் தலைக்குள் ஏறியது?

போகட்டும். சிவராமன் வீடு மாறவில்லை... இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.