ராத்திரிக் கீரை

ராஜபாளையத்து மில் வேலையை விட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்துகொண்டிருந்தேன். பொழுது அடைந்த பிறகு ஒரு வீட்டில் முருங்கைக்கீரை வதங்கும் வாசனை வந்தது.

சின்ன வயதில் எங்கள் வாசலிலும் முருங்கை நின்றது. அம்மா விடியுமுன், பருத்தியில் கொட்டை நீக்கும் ஜின்னிங் பாக்டரிக்குப் போவாள். இருட்டிய பிறகுதான் உலை வைப்பாள். பகலில் எங்களுக்குப் பழைய கஞ்சி.

தங்கை செல்லத்தின் முகம் வெளுத்தது, நாக்கு புண்ணானது. பள்ளிக்கூடம் போகவே மூச்சு வாங்கினாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைவு என்று கீரை கொடுக்கச் சொன்னார்கள்.

“ராத்திரியில கீரை ஆகாது ஏட்டி” என்றாள் அம்மா.

“ஆடு மட்டும் திங்குதே?” என்றாள் செல்லம்.

“நீ ஆடா, ஏட்டி?” அம்மா சிரித்தாள். “ஞாயித்துக்கெழம பகல்ல ஆக்கித் தாரேன்.”

அந்தப் பருத்திப் பருவத்தில் ஞாயிறும் பாக்டரி ஓடியது. பருவம் முடியுமுன் செல்லம் செத்துப்போனாள்.

கீரை வதங்கிய அந்த வீட்டைத் தாண்டி நடந்தேன். மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜின்னிங் பாக்டரியில் கேட் திறந்துவிடும் வேலை கிடைத்தது. அதற்கடுத்த நாள் இருட்டு விலகுமுன் கேட்டைத் திறந்தேன். பெண்கள் உள்ளே போனார்கள்.