வெள்ளவத்தைக்காரர் பிந்தி வந்த காலைகள்

அலுவலக மென்பொருளின் புது வேர்ஷனைப் பரீட்சித்துப் பார்த்த அன்று மாலதியின் பெயர் சிவப்பில் வந்தது. ‘அடிக்கடி பிந்தி வருபவர், நிரந்தரமாக்க வேண்டாம்’ என்று அது மேலிடத்துக்குத் தானாகவே அனுப்பத் தயாராக நின்றது.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, புறக்கோட்டைத் துணிக்கடை, அச்சகம், லொறி என்று திரிந்தவன் நான். கடைசியில் கம்ப்யூட்டர் பழகி, கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டேன். அங்கே லீவு, வரவு, பில் எல்லாம் ஒரு வேர்க்ஃப்ளோ மென்பொருளில்தான் மேசைக்கு மேசை அனுமதிக்குப் போகும். அதன் புது வேர்ஷன் வந்திருந்தது. விற்ற கம்பனி தந்தது எது, எங்கள் ஆட்கள் பிறகு மாற்றியது எது என்று பிரித்தெடுப்பது என் வேலை. தவறவிட்ட மாற்றம் புதியதில் அழிந்துபோகும்.

நாங்கள் செய்தவற்றின் பெயருக்கு முன்னால் ‘இசட்’ போடுவது வழக்கம். இசட்டில் தொடங்கிய எல்லாவற்றையும் எடுத்துப் புதியதில் சேர்த்துவிட்டு, போன மாதம் ஆட்கள் வேலைக்கு வந்த நேரப் பதிவைப் பழையதிலும் புதியதிலும் ஓடவிட்டேன். அப்போதுதான் இந்தச் சிவப்பு.

மாலதி கணக்குப் பிரிவில் புதியவள். வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜில் தங்கியிருந்தாள். நிரந்தர ஊழியர் அட்டை இல்லாவிட்டால், லொட்ஜைச் சோதிக்க வரும் பொலிஸிடம் கொழும்பில் ஏன் இருக்கிறாய் என்பதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

“அண்ணா, பழையதில நான் ஒருநாளும் பிந்தேல்லையே. இதில மட்டும் எப்பிடி?”

பழையதில் பிந்தியவர்களைக் கணக்கிடும் பகுதியைத் திறந்தேன். பெயர் கம்பனி வைத்த பெயர்தான், முன்னால் ‘இசட்’ இல்லை. உள்ளே நடுவில் எங்கள் ஆள் யாரோ சில வரிகளைச் செருகியிருந்தார். ஒரே பாதையால் வருகிற பலர் ஒரே காலையில் பிந்தினால், ஒருவரையும் பிந்தியவராகக் கணக்கெடாதே. வெள்ளவத்தையிலிருந்து வரும் காலி வீதியில் ஆமி பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதிக்கும் காலைகளுக்காக எழுதியது.

மனேஜரிடம் காட்டினேன்.

“தேவையில்லாத வேலை, தம்பி. பிந்தினாப் பிந்தினதுதான். கம்பனி தந்த மாதிரியே விடும்.”

பின்னாலேயே வந்திருந்த மாலதி விடவில்லை. “அப்ப ஆமிக்காரனிட்ட லேட் சிலிப் கேட்டு வாங்கிக்கொண்டு வரட்டே, சேர்?”

“இவவுக்கு வாய் கூடிப்போச்சு.”

“சேர், உங்கட பேரும் சிவப்பிலதான் கிடக்கு,” என்றேன். அவரும் வெள்ளவத்தைதான். அவருடைய காரையும் மறிப்பார்கள்.

குனிந்து திரையைப் பார்த்தார். “இது ஹெட் ஒஃபிசுக்கும் போகுமோ?”

“ஓம் சேர். தானாப் போகும்.”

“அப்ப என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர், ஐசே? அந்த வரியளை எடுத்துப் புதுசில முறையாப் போடும்.”

போட்டேன். மாலதிக்கு அந்த மாதமே அட்டை கிடைத்தது. அலுவலகம் முழுவதற்கும் மட்டன் ரோல்ஸ் வாங்கித் தந்தாள்.

அதன் பிறகு பல இடங்களில் இதே வேலையைச் செய்துவிட்டேன். ‘இசட்’ போட்ட பெயர்களைத் தேடுவதோடு நிற்பதில்லை. பழைய மாதமொன்றை இரண்டிலும் ஓடவிட்டு, யாருடைய முடிவு மாறுகிறது என்று பார்ப்பேன். பிறகு அந்த ஆளிடம் போய், காலையில் வேலைக்கு எப்படி வருகிறீர்கள் என்று கேட்பேன்.