காணாமல் போகாத ஃபோல்டர்கள்

செய்யாத ஒரு தவறை ஒரு பெண்ணின்மேல் சுமத்தினேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நிர்வாகக் குழு முழுவதும் உட்கார்ந்திருந்த அறையில், எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அப்போது எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இருக்கவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

தெற்குக் கல்கத்தாவில் எங்களுக்கு ஒரு சிறிய தமிழ் மன்றம் உண்டு. கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றபின் நான் அதன் செயலாளர் ஆனேன். அந்தப் பெண் இணைச் செயலாளர். ஒரு வங்கியில் அதிகாரி, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். மன்றத்தின் மின்னஞ்சல் கணக்கை நாங்கள் இருவரும்தான் பார்த்துவந்தோம். அவர் கைபேசியில் வருகிற அஞ்சலை மட்டும் பார்ப்பார். நான் வீட்டுக் கணினியில் அதற்கென்று ஒரு மென்பொருளைப் போட்டு, ஆண்டுவாரியாக ஃபோல்டர்கள் வைத்து, ஒழுங்காக நடத்திவந்தேன். அந்த ஒழுங்கில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஆண்டு விழா மலர் ஒன்று போடுவதென்று முடிவானது. மாற்றலாகி இந்த ஊருக்கு வரும் குடும்பங்கள் வழி கேட்டு மன்றத்துக்கு எழுதிய பழைய அஞ்சல்களைத் தொகுத்து அதில் சேர்க்கலாம் என்றார்கள். என் பழைய கணினி அப்போதுதான் உயிரை விட்டிருந்தது. புதியதில் மென்பொருளை நிறுவி, கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். வந்த அஞ்சல், அனுப்பிய அஞ்சல், குப்பை, இந்த ஆண்டின் ஃபோல்டர். அவ்வளவுதான் திரையில் இருந்தது. பழைய ஆண்டுகள் ஒன்றுகூட இல்லை.

அதற்கு முந்தைய வாரம் அவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: “பெட்டி ஃபுல்லாகிடுச்சு மாமா, தேவையில்லாததைக் க்ளியர் பண்ணிட்டேன்.” எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கூட்டத்தில் சொன்னேன்: “இவங்க சுத்தம் பண்றேன்னு மன்றத்தோட சரித்திரத்தையே தொடைச்சுட்டாங்க.”

“விளம்பர மெயிலைத்தான் மாமா எடுத்தேன். ஃபோல்டர் பக்கமே நான் போகலை.”

“போகாமலேயே போயிடுச்சா? அதுக்குக் கால் முளைச்சுதா?”

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் அவருடைய பதவி விலகல் அஞ்சல் வந்தது. காரணம் எதுவும் எழுதவில்லை. அதன்பின் வெள்ளிக்கிழமைப் பஜனைக்கும் அவர் வருவதை நிறுத்திவிட்டார். பணத்தைக் கையாளும் வேலையில் இருப்பவரைப் பற்றி, “பொறுப்பில்லாமல் அழித்துவிட்டார்” என்ற பேச்சு எங்கள் சிறிய வட்டத்தில் எவ்வளவு தூரம் போகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

போனது போகட்டும், யாரிடமாவது பிரதிகள் இருந்தால் வாங்கிச் சேர்ப்போம் என்று ஒரு காலையில் உட்கார்ந்தேன். பழைய ஆண்டு ஒன்றின் பெயரில் புதிய ஃபோல்டர் உண்டாக்கப் பார்த்தேன். கணினி மறுத்தது. அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கிறது என்றது.

இன்னொரு ஆண்டைக் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் இருக்கிறது என்றது. திரையில் எதுவும் இல்லை. ஆனால் இருக்கிறது என்கிறது.

எல்லா ஃபோல்டர்களையும் காட்டு என்ற தேர்வைப் போட்டேன். மென்பொருளை மூடித் திறந்தேன். கணக்கையே நீக்கி மறுபடி சேர்த்தேன். மாற்றமில்லை. பிறகு உதவிப் பக்கத்தில் படித்ததை வைத்து, கணக்கின் பெயர்மேல் வலது பொத்தானை அழுத்தி, ‘சப்ஸ்கிரைப்’ என்பதைத் தேர்ந்தேன். ஒரு சிறிய சன்னல் திறந்தது. அதில் எல்லா ஆண்டுகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம். டிக் உள்ள ஃபோல்டர் மட்டும்தான் திரையில் தெரியுமாம்; இந்த ஆண்டைத் தவிர வேறு எந்தக் கட்டத்திலும் டிக் இல்லை.

அந்த டிக்குகளை எடுத்தவன் நான்தான். அலுவலகத்தில் மார்ச் முடிந்ததும் முடிந்துபோன கோப்புகளை நாடாவால் கட்டி ரெக்கார்டு ரூமுக்கு அனுப்புவோம். மேசைமேல் நடப்புக் கோப்பு மட்டும்தான் இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், ஒவ்வொரு மார்ச்சிலும் கடந்த ஆண்டின் டிக்கை எடுத்துத் திரையைச் சுத்தமாக வைத்திருந்திருக்கிறேன். கை தானாகச் செய்த வேலை, மனதில் தங்கவில்லை. நான் கணினியை மாற்றினாலும், தொலைவில் எங்கோ அஞ்சல்களைச் சேமித்துவைத்திருக்கும் சர்வர் என் விருப்பத்தை நினைவில் வைத்திருந்தது. நான் காட்டாதே என்றதை, நானே மறந்தபிறகும், காட்டாமல் இருந்தது.

டிக் போட்டேன். இடது ஓரத்தில் ஆண்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

அன்று பகல் முழுவதும் படித்தேன். அலிப்பூரில் வீடு கிடைக்குமா, ஹவுராவில் இறங்கி எந்தப் பக்கம் வர வேண்டும், லேக் மார்க்கெட்டில் இட்லி அரிசி உண்டா, பெங்காலி தெரியாத குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பார்களா. இன்று உயிரோடு இல்லாத செயலாளர்கள், “கவலை வேண்டாம், ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்” என்று பதில் எழுதியிருந்தார்கள். நான் மறைத்துவைத்த இத்தனை காலமும் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் அவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். கோயிலில் திரை விலகும்போது பேச்சு நின்றுபோகுமே, அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

பிந்தைய ஆண்டுகளின் பதில்களில் பெரும்பாலானவை நான் பழி சுமத்திய இணைச் செயலாளர் எழுதியவை. பிரசவத்துக்கு மருத்துவமனை கேட்ட ஒரு பெண்ணுக்கு, “முதல் தடவை நான் கூட வர்றேன், நீங்க பெங்காலி பேசவே வேண்டாம்” என்று எழுதியிருந்தார். இதையெல்லாம் அழித்ததாக நான் சொன்னது இவரைத்தான்.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே வரச் சொன்னார், தேநீர் கொடுத்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். முழுவதும் கேட்டார்.

“அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. இன்னிக்கு என் வீட்டு சோஃபாவில உக்காந்து சொல்றீங்க.”

அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழைத்தேன். வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தவறு முழுவதும் என்னுடையது என்று, டிக் எடுத்த கதையோடு, நின்று சொன்னேன்.

அண்ணனை இந்த ஊர் வழக்கில் ‘தாதா’ என்றே கூப்பிடும் பொருளாளர் உரக்கச் சிரித்தார். “ஆரே பாபா! கம்ப்யூட்டருக்கே சிவப்பு நாடா கட்டிட்டீங்களா தாதா? விடுங்க, நடந்தது நடந்துபோச்சு.”

எல்லோரும் என்னை ஒரு நிமிடத்தில் மன்னித்துவிட்டார்கள். அவர்கள் இழந்தது எதுவும் இல்லை. இணைச் செயலாளர் பதவியை மறுபடி ஏற்கும்படி அவரிடம் கேட்டேன்.

“வேண்டாம். நான் அழிக்கலைன்னு எல்லார் காதுலயும் விழுந்துச்சு. எனக்கு வேண்டியது அதுதான்,” என்றார். குரலில் கோபமே இல்லை. அவ்வளவு நேராக நிற்க என்னால் முடிந்திருக்காது.

இப்போது பஜனைக்கு மறுபடி வருகிறார். பிரசாதம் கொடுக்கும்போது என் கையிலும் வைக்கிறார். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். மற்ற பெரியவர்களை மாமா என்கிறார். என்னை மட்டும் சார் என்கிறார்.